சிக்னல்–ஸ்லாட்: ‘செருகுவாய்’ வேண்டாம், ‘ஏற்பி’ எனலாமா?

வணக்கம். க்யூட் (Qt, சாளர நிரல்கள் எழுதும் கருவித்தொகுப்பு) ஆவணத்தை மொழிபெயர்க்கும் நம் குழுவில் வந்த கேள்வி இது. ஒரு பொருள் தன்னிடம் நடந்ததை அறிவிப்பது சிக்னல், அதைக் கேட்டு வேலை செய்வது ஸ்லாட்.

> சிக்னல் = தூது, ஸ்லாட் = செருகுவாய் என்று வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு இரண்டுமே இடறுகின்றன. செருகுவாய் நல்ல சொல்தான். ஆனால் அதைத் தாய்ப்பலகையில் நினைவக அட்டை செருகும் இடத்துக்கு முன்பே கொடுத்தாயிற்று. க்யூட் நிரல்களில் வரும் ஸ்லாட் ஓர் இடமே அல்ல, சாதாரணச் செயற்கூறு (ஃபங்ஷன்). க்யூட் 5 முதல் லாம்ப்டா என்னும் பெயரில்லாத செயற்கூறைக்கூட இணைக்கலாம். அதில் எதைப் போய்ச் செருகுவது?

‘தூது’தான் பெரிய சிக்கல். அன்னத்தை விட்டாலும் மேகத்தை விட்டாலும், யாரிடம் போகிறது என்பது விடுபவருக்குத் தெரியும். சிக்னலில் அது தெரியாது, தெரியவும் கூடாது. அமைப்புகள் சாளரத்தில் எழுத்தளவை 12இலிருந்து 14 ஆக்குகிறோம். “அளவு மாறியது, இப்போது 14” என்று சொல்லிவிட்டு அந்தச் சாளரம் தன் வேலையைப் பார்க்கும். முதன்மைச் சாளரத்தின் கட்டுப்படுத்தி (கன்ட்ரோலர்) கேட்கலாம், முன்னோட்டச் சாளரமும் கேட்கலாம். யாருமே கேட்காவிட்டாலும் பிழை வராது. இது முரசறைவது.

சாளரமே இன்னொன்றின் முகவரியைக் காட்டும் சுட்டியைக் (பாயின்டர்) கையில் பிடித்துக்கொண்டு நேராக அழைத்தால், அதுதான் தூது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். முன்னோட்டத்தை மூடிவிட்டு எழுத்தளவை மாற்றினால் நிரல் முறிந்துவிடும். இரண்டு நாள் தேடிய பிறகுதான், இல்லாத சாளரத்தின் முகவரிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது புரிந்தது. சிக்னல் வழியில் போயிருந்தால், கேட்கும் பொருள் அழியும்போதே க்யூட் இணைப்பையும் அறுத்திருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: சிக்னலுக்கு மின்னணுவியலில் பழகிப்போன குறிகை. (முரசு என்றே வைக்க ஆசைதான், ஆவணத்தில் படிப்பவர்கள் சிரிப்பார்கள்.) ஸ்லாட்டுக்கு ஏற்பி. உயிரியலில் ரிசெப்டாருக்கு இதே சொல்தான். இயக்குநீர் (ஹார்மோன்) ரத்தத்தில் கலந்து எங்கும் போகிறது, தனக்குரிய ஏற்பி உள்ள செல்லில்தான் வேலை நடக்கிறது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இருக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“அளவு மாறியதைச் சொல்லும் குறிகையைக் கட்டுப்படுத்தியின் ஏற்பியுடன் இணைக்கவும். ஒரே குறிகையைப் பல ஏற்பிகளுடன் இணைக்கலாம்.”

வாயில் இடறவில்லை.

கன்ட்ரோலருக்கு ‘இயக்கி’ வேண்டாம், அது வன்பொருளை இயக்கவைக்கும் டிரைவர் மென்பொருளுக்குப் போய்விட்டது. 1979இல் ஜெராக்ஸின் பார்க் (PARC) ஆய்வகத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்காக் எம்விசியை (நிரலை மாடல், வியூ, கன்ட்ரோலர் எனப் பிரிக்கும் முறை) வகுத்த காலத்துக் கன்ட்ரோலரும் இன்றைய கன்ட்ரோலரும் ஒன்றல்ல என்பது வேறு கதை. கட்டுப்படுத்தியே இருக்கட்டும், நீளம் என்றாலும் குழப்பமில்லை.

மிச்சம், சிக்னலை வெளியிடும் ‘எமிட்’. ஒளி உமிழ் இருமுனையத்தைப் (எல்இடி) பார்த்து ‘உமிழ்’ என்று போட்டிருக்கிறோம். “பொத்தானை அழுத்தினால் சாளரம் உமிழும்” என்று படிக்கும்போது துடைக்கத் துணி தேடத் தோன்றுகிறது. ‘எழுப்பு’ எப்படி? குரல் எழுப்புவதுபோலக் குறிகை எழுப்பும். இதைவிட நல்ல வினை இருந்தால் சொல்லுங்கள். அதுவரை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஸ்லாட்டை மட்டும் மாற்றுகிறேன். வன்பொருள் பக்கத்தில் வரும் செருகுவாய்களைத் தொடமாட்டேன்.