வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட் எடுத்த குழந்தைகளின் பெற்றோர் உதவுங்கள்

என் மகனுக்கு 9 வயது, போன ஒரு வருடத்தில் 4 செ.மீ. கூட வளரவில்லை. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாச்சு, சரியாக இருக்கிறது. சாப்பாடு, தூக்கம் மாற்றியும் பலனில்லை. இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது 7 என்று வந்தது, வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் ரத்தத்தில் உருவாகும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளும் குறைவு.

வளர்ச்சி ஹார்மோன் விட்டு விட்டுச் சுரப்பதால் ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதாதாம். அதனால் அடுத்த வாரம் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் குளோனிடின் என்ற மாத்திரை கொடுத்துவிட்டு, கையில் ஊசிக்குழாய் போட்டு அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்களாம். ஊசியைக் கூட எப்படியோ சமாளித்துவிடுவான். தூக்கம் சொக்கும், ரத்த அழுத்தம் இறங்கலாம் என்றார்களே, அதுதான் பயமாக இருக்கிறது.

மாத்திரை கொடுத்த பிறகு உங்கள் பிள்ளை பழையபடி எழுந்து நடக்க எவ்வளவு நேரம் ஆனது?