குறிஞ்சிப்பாட்டும் குப்பனூர் ரோடும்

இந்த இளவேனிலில் என்ன படித்தீர்கள், வெயில் ஏறுவதற்குள் எங்கெல்லாம் சுற்றினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். சங்கப் புலவர் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டைப் படித்தேன், அதில் வரும் பூக்களைத் தேடிச் சுற்றினேன். தை மாதம் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

தொடங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சேலம் பக்கம் போகி அன்றைக்குக் காப்புக் கட்டுவோம். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வாசல் நிலையிலும் கூரையிலும் செருகுவது வழக்கம். இந்த வருடம் கொத்து கட்டிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், "இந்தப் பூளைப்பூ குறிஞ்சிப்பாட்டுல இருக்காம்மா, தமிழ் மிஸ் சொன்னாங்க" என்றாள். எனக்கு அது தெரியாது. பொங்கல் லீவு முடிந்து பட்டறைக்குப் போன முதல் வாரமே (நான் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன்) மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் நூலகத்தில், குறிஞ்சிப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டு நூலை எடுத்து வந்தேன். பூளை இருந்தது. ஆவிரையும் இருந்தது, அதுதான் நம் ஆவாரம்பூ. வருடா வருடம் என் கையால் கட்டுகிற கொத்தில் இருக்கிற இரண்டு பூ, கபிலர் பாட்டுக்குள் பெயரோடு உட்கார்ந்திருக்கின்றன. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். குறிஞ்சிப்பாட்டு 261 அடி. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ்நெறி இன்னதென்று காட்டக் கபிலர் பாடியது என்பார்கள். மகள் வாடிப்போயிருக்கிறாள், தாய் காரணம் தெரியாமல் தவிக்கிறாள், தோழி அவளிடம் நடந்ததை எடுத்துச் சொல்கிறாள். தினைப்புனம் காக்கப் போனோம், கிளி ஓட்டினோம், அருவியில் குளித்தோம், பூப்பறித்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்து, அந்தப் பூப்பறித்த இடத்தில் சுமார் 35 அடிக்கு ஒரே பூப்பெயர்களாக அடுக்குகிறாள். மொத்தம் 99. அதற்குப் பிறகுதான் அவன் வருகிறான்.

அந்த 35 அடியைப் பட்டியல் என்று தாண்டிப் போகிறவர்கள் நிறைய. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஆனால் வாய்விட்டுப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. தாயிடம் சொல்லப்போவது சாதாரணச் செய்தி இல்லை. உன் பெண் ஒருவனை மனதால் வரித்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாய் வராமல், எட்டின வரைக்கும் தள்ளிப்போட ஒவ்வொரு பூவாக எண்ணிக்கொண்டிருக்கிறாள் அந்தத் தோழி. மழை கழுவிவிட்ட அகலப் பாறையில் பூவைக் குவித்தோம் என்று முடிக்கும்போது, இனிமேல் சொல்ல எதுவும் மிச்சமில்லை, அவனைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும். இது என் வாசிப்புதான், உரைகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்லத் தயங்கி அரைமணி நேரம் கடைத்தெருக் கதை பேசியவர்களுக்கு இது உடனே புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அவர் கையில் இருந்த ஏட்டில் இந்த இடத்தில் சில பூக்களின் பெயர் விடுபட்டிருந்தது. அதைத் தேடிப் போய் தருமபுர ஆதீனத்து ஏடுகளில் கண்டுபிடித்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். விடுபட்ட இரண்டு மூன்று பூவுக்காக ஒரு மனிதர் அவ்வளவு தூரம் அலைந்திருக்கிறார், பேருந்து ஏறினால் மலை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் அலையக்கூடாதா?

சரி, ஒரு நோட்டு போட்டேன். 99 வரி. பாட்டில் வரும் பெயர், இப்போதைய பெயர், பார்த்த இடம், தேதி. பெயர் கண்டுபிடிக்க பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' பக்கத்திலேயே இருந்தது. பல பூக்களுக்கு உரைகாரர் ஒன்று சொல்கிறார், பின்னால் வந்தவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எல்லாரும் ஒத்துக்கொள்கிற பூக்களை முதலில் தேடினேன்.

சீக்கிரம் கிடைத்தவை நிறைய. தும்பை எங்கள் தெருமுனைக் காலி மனையிலேயே இருந்தது. கருவிளை என்கிற நீலச் சங்குப்பூ பள்ளி வேலியில். வகுளம் என்றால் மகிழம்பூ, கோயிலில் பொறுக்கினோம். மாசிக் கடைசியில் ஓமலூர் போகும் வழியில், ஒரு இலைகூட இல்லாமல் கிளை முழுக்கச் சிவப்பாக நின்றது பலாசம். பங்குனி முடிவில் கொன்றை. வில்வம் பூத்து நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற பிள்ளையார் கோயில் மரம்தான், இலை பறித்திருக்கிறேனே தவிர அண்ணாந்து பார்த்ததில்லை. வெளிர்ப் பச்சையில் தடித்த இதழோடு சின்னப் பூ, அந்த மணத்தில் அரைமணி நேரம் நிற்கலாம்.

கடலோரத்து அடும்பும், கழிக்கரையின் தாழையும், குளத்து ஆம்பலும், மலைக் காந்தளும் ஒரே நாளில் ஒரே மலையில் பூக்காது. அதனால் எல்லாவற்றையும் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் தேடுவது வீண் என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. அப்புறமும் மலைக்குப் போனது வேறு ஆசையில்.

ஏற்காட்டுக்குச் சித்திரை முதல் ஞாயிறு போனேன். அதற்குப் பத்து நாள் முன்னால் மேலே நல்ல மழை. கோடையின் முதல் மழை விழுந்து எட்டு, பத்து நாளில் காப்பி பூக்கும் என்று என்னோடு சேர்ந்து புத்தகம் படிக்கிற தோழி சொல்லியிருந்தார், அவர் அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். தோழியின் ஸ்கூட்டரில்தான் போனோம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே போகப் போகக் காற்று மாறும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாகலூர்ப் பக்கம் திரும்பியதும் ஒரு மணம் வந்தது பாருங்கள், மல்லிகை மார்க்கெட்டுக்குள் வண்டி ஓட்டுகிற மாதிரி. இறங்கிப் பார்த்தால் செடிக்குச் செடி, கிளையில் இலை சேரும் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து கிளைகளில் பஞ்சைச் சுற்றிவைத்த மாதிரி தெரிகிறது. கிட்டே போனால் ஐந்து இதழ், நடுவே மெல்லிய மகரந்தத் தாள்கள், தேனீ சத்தம் தலைக்கு மேல் விடாமல் இரைகிறது. இரண்டு மூன்று நாள்தான் இந்தக் காட்சி, அப்புறம் பழுப்பாகிக் கொட்டிவிடும்.

கபிலர் பட்டியலில் காப்பி இல்லை. எப்படி இருக்கும்? சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்து நட்டதுதான் இங்கே காப்பி. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஊதாவாகப் பூத்துக் கொட்டும் ஜகரண்டா தென் அமெரிக்கா. இன்றைக்கு ஏற்காட்டில் கண்ணை நிறைக்கிற பூவில் பாதி, பாட்டில் வராத பூ. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நூறாவதாகக் காப்பி என்று எழுதிக்கொண்டேன்.

இறங்கும்போது குப்பனூர் வழியாக வந்தோம். அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது. கீழே பாதிக்கு மேல் வந்ததும் பிரேக் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்தினோம். ஒரு பாட்டி புளி பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி இனத்தவர், மேலே கிராமத்தில் வீடு என்றார். என் கையில் நோட்டைப் பார்த்து, "கணக்கெடுக்க வந்தீங்களா கண்ணு?" என்று கேட்டார். இல்லைங்க பாட்டி, பழைய பாட்டில் வரும் பூப்பெயர் என்றேன். "படி பாக்கலாம்" என்றார்.

நான் சாலையோரக் கட்டையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் புளியைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னார். ஈங்கை என்றேன், "இண்டு முள்ளா, அது வேலியில கெடக்கே" என்றார். எனக்கு அந்தப் பொருளைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகியிருந்தது. வேங்கை என்றதும் கையை மேலே காட்டி, "அது பால எடுத்துத்தான கொழந்தைக்குப் பொட்டு வைப்போம். இப்பப் பூ இல்ல, மழைக்கு அப்புறம் வா" என்றார். போங்கம் தெரியாது. சுள்ளி தெரியாது. சில பெயருக்குச் சிரித்தார். நான் தணக்கம் என்று படித்ததும் புளித் தட்டுவதை நிறுத்திவிட்டு, "தணக்கா? நீ அதுக்கு அடியிலதான் உக்காந்திருக்க" என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். இலை ஒன்றுகூட இல்லை, வழுவழுவென்று சாம்பல் நிற மரம். நுனிகளில் காய்ந்த கொத்துகள் தொங்கின. பாட்டி கீழே தேடி ஒன்றை எடுத்துத் தந்தார். நெல்லிக்காயைவிடச் சின்னதாக ஒரு கொட்டை, அதன் தலையில் தும்பி இறக்கை மாதிரி நீளமாக இரண்டு இறக்கை, பழுப்பு நிறம், ஓரத்தில் நரம்பு தெரிகிறது. "மேல வீசு" என்றார். வீசினேன். நேராக விழும் என்று நினைத்தால் அது பாதி உயரத்தில் சுழல ஆரம்பித்துவிட்டது. பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே, காற்று இழுக்கிற பக்கம் சாய்ந்து, சாலையைத் தாண்டி அந்தப் பக்கப் பள்ளத்தில் போய் இறங்கியது. தோழி கைதட்டினார். பாட்டி அவருடைய பங்குக்கு ஒன்றை வீசினார், அது இன்னும் தூரம் போனது. சின்ன வயதில் பாறை மேல் ஏறி நின்று யார் வீசினது தூரம் போகிறது என்று பந்தயம் கட்டுவார்களாம். மரம் எடை இருக்காது, தக்கை மாதிரி, பொம்மை செய்யக் கொண்டுபோவார்கள் என்றார்.

உரையில் அந்தப் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் நான் கோடு போட்டு வைத்திருந்தேன், என்ன மரம் என்று முடிவுக்கு வர முடியாமல். தணக்கு என்றால் நுணா என்று சொல்கிறவர்களும் உண்டு. கபிலர் சொன்னது இந்த மரம்தானா என்று அறிஞர்கள் சொல்லட்டும். ஆனால் இரண்டாயிரம் வருடப் பெயரை, புளி தட்டிக்கொண்டே ஒருவர் இயல்பாகச் சொல்லி, கையை நீட்டி மரத்தைக் காட்டியதை நான் கேட்டுவிட்டேன். நான் பார்த்தது காய்தான், பூ இல்லை. அதனால் நோட்டில் பாதி டிக் மட்டும் போட்டிருக்கிறேன். பாட்டிக்குக் கொடுக்க எங்களிடம் தட்டுவடை செட் பொட்டலம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வாங்கிக்கொண்டு, எங்களுக்கு ஒரு கை புளி மடித்துக் கொடுத்தார்.

இதே தோழி இந்தப் பருவத்தில் படித்தது மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள், 'மழைக்காலமும் குயிலோசையும்', தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கை பற்றி விடாமல் எழுதியவர் கிருஷ்ணன். தமிழில் எழுதும்போதும் பெரும்பாலும் நேரில் பார்த்ததைத்தான் எழுதுவார். அதைப் படித்துவிட்டுத் தோழி அதிகாலையில் அடிவாரப் புதர்க்காட்டு ஓரம் போய் நிற்க ஆரம்பித்தார். ஆறுமணிக்குருவி கத்துவதை முதன்முதலாக மாசியில் கேட்டாராம், காலை ஆறுக்கு, பேருக்குத் தப்பாமல். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து தங்கும் குருவி, கோடையில் திரும்பிவிடும். சித்திரை வந்ததும் போய் நின்றால் சத்தம் இல்லை. கடைசியாகக் கேட்ட தேதியை எழுதி வைக்கவில்லையே என்று இன்னும் புலம்புகிறார். நானும் அவரும் இப்போது நோட்டு மாற்றிப் படிக்கிறோம்.

என் கணக்கில் இதுவரை 23-ம் ஒரு பாதியும். குறிஞ்சி இன்னும் இல்லை. பாட்டுக்கே பெயர் கொடுத்த பூ, சேர்வராயன் மலையில் நீலக்குறிஞ்சி உண்டு, ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூவை ஒரு கோடையில் எதிர்பார்க்க முடியாது. வாகை இந்த வாரம் பூத்திருக்கிறது என்று பட்டறையில் ஒருவர் சொன்னார், ஞாயிறு போக வேண்டும். மழைக்குப் பிறகு வேங்கைக்காக மறுபடி குப்பனூர் ரோடு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சுள்ளி, போங்கம், எறுழம், மாரோடம், பாங்கர். இந்தப் பெயர்களில் ஒன்றாவது உங்கள் ஊரில் யார் வாயிலாவது இன்னும் இருந்தால் எழுதுங்கள். அகராதிப் பொருள் என்னிடம் இருக்கிறது. சொன்னவர் யார், எந்தச் செடியைக் காட்டிச் சொன்னார், அது எங்கே நிற்கிறது என்பதுதான் வேண்டும்.