பிளவுவால் செர்காரியாக்களை இனங்காண உதவி தேவை

வணக்கம். குளத்தில் சேகரித்த இந்தோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் நத்தைகளைத் தெளிந்த நீருள்ள தனித்தனிக் குவளைகளிலிட்டு வெளிச்சத்தில் வைத்தபோது, சிலவற்றிலிருந்து வால் நுனி இரண்டாகப் பிளந்த செர்காரியா லார்வாக்களும் (ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களின் நீந்தும் இளம்பருவம்), வேறு சிலவற்றிலிருந்து பிளவற்ற வாலும் தலையைச் சுற்றி முள்வரிசையும் கொண்டவையும் வெளிவந்தன. பின்னவை எக்கினோஸ்டோம் என்னும் தட்டைப்புழு வகை என்பதில் ஐயமில்லை. சிக்கல் முன்னவற்றில்தான்: மாட்டின் மூக்குச் சிரைகளில் வாழ்ந்து குறட்டை நோயை உண்டாக்கும் இரத்தத் தட்டைப்புழுவான சிஸ்டோசோமா நசாலே, குடல்சார் சிரைகளில் வாழும் சிஸ்டோசோமா ஸ்பின்டேல் ஆகிய இரண்டுக்குமே இந்நத்தை இடைநிலை ஓம்புயிரி (லார்வாப் பருவம் வளர இடங்கொடுக்கும் உயிரி). முட்டை கிடைத்தால் வடிவத்தை வைத்தே பிரித்துவிடலாம். லார்வாக்களோ என் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. (கையுறையின்றி நீரில் கைவிட்டதற்கு முன்கை அரிப்பு தனிப் பரிசு.) நுண்ணோக்கியில் இவற்றைப் பார்த்துப் பழகியவர்கள், எந்த அளவீட்டை நம்பலாம் என்றும், டிஎன்ஏ ஆய்வே தீர்வெனில் மாதிரிகளை எவ்வாறு பதப்படுத்துவது என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.