லோடு இழுக்க மெனுவல் கியரா ஒட்டோ கியரா? தெரிஞ்சவங்க சொல்லுங்க
அண்ணமாரே, ஒரு ஐடியா வேணும். நான் ஹட்டன் பக்கம், பிரேக்டவுன் ஆகுற வேன், த்ரீவீல் எல்லாம் ட்ரெய்லர்ல ஏத்தி கராஜுக்கு இழுத்துட்டுப் போற வேல. இப்ப இருக்க மெனுவல் டபள் கெப் பிக்கப்புக்கு 2 வருஷத்துல 2 தடவ கிளச் பிளேட் மாத்தியாச்சு, போன கிழமகூட ரம்பொட வளைவுல முன்னுக்கு பஸ் நின்டிருச்சு, பின்னுக்கு லோடு, ஹேண்ட்பிரேக்க போட்டு அரை கிளச்சுல எடுக்கயில வந்த கருகல் வாசம் இன்னும் மூக்குலயே இருக்கு.

அதான் இந்தமுற ஒட்டோ எடுப்பமான்னு பாக்குறேன். கிளச்சுக்குப் பதிலா ஒயில் வழியா எஞ்சின் இழுவய கியருக்குக் குடுக்குற டோர்க் கன்வேர்டர் இருக்கதால ஏத்தத்துல நின்டு எடுக்குறது லேசுதான், ஆனா லோடோட மெதுவா ஏறுனா கியர் ஒயில் சூடாகுமே, தனியா கூலர் போடணுமா? இறக்கம்தான் எனக்கு பயமே. மெனுவல்னா செகண்ட்ல போட்டா எஞ்சின் புடிச்சுக்கும், பிரேக்க மிதிச்சு மிதிச்சு சூடாக்கத் தேவல்ல. ஒட்டோல லிவர 2 இல்லாட்டி எல் (லோ கியர்) போட்டா அதே மாதிரி எஞ்சின் புடிக்குமா?

எங்க கராஜ் பாஸ் ஒட்டோ பக்கமே போகாதன்றாரு, அவருக்கு ஒட்டோ கியர் பெட்டி கழட்டத் தெரியாது, அது வேற கத. மலைப்பக்கம் ஒட்டோல ட்ரெய்லர் இழுக்குறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, மாசக் கடைசிக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும்.