கறவை மாடு தானம் குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பெரியப்பாவின் மணிவிழாப் பரிசாக, அவர் பெயரில் எங்கள் ஊரிலுள்ள ஏழைக் குடும்பமொன்றுக்குக் கறவை மாடு வாங்கித் தர விரும்புகிறோம். ருவாண்டாவில் 2006-இல் தொடங்கிய கிரின்கா திட்டத்தில், மாடு பெற்றவர் அது ஈனும் முதல் கிடேரிக் கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவதால், ஒரு தானம் பல வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது. அந்த ஏற்பாடு என் மனத்துக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது.

ஆனால் நாங்கள் கருதும் குடும்பத்துக்குச் சொந்த நிலமில்லை. கலப்பினப் பசு ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். போதாததற்கு மடிநோய் வந்துவிட்டால் பால் வருமானம் நின்று மருத்துவச் செலவும் சேர்ந்துகொள்ளும். கூலி வேலைக்குப் போகிறவர்கள்மீது நம் அன்பளிப்பு கடனாக விழுந்துவிடக் கூடாது.

இந்நிலையில் இரண்டு வெள்ளாடுகள் பொருத்தமாக இருக்குமா, அல்லது பணமாகவே கொடுத்துவிடலாமா? கால்நடைக் காப்பீடு எடுத்தவர்கள், இழப்பீடு பெற்ற அனுபவத்தையும் தயவுசெய்து எழுதுங்கள்.