விமான நிலையத்துத் துணிப்பை: 20,000 தடவையா, 149 தடவையா?

கணக்குப்பிள்ளை:
நேற்று இங்கே ஒருவர் பயணக் குறிப்பு எழுதியிருந்தார். விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளூர்க் கைவினைப் பொருளும் இயற்கை (ஆர்கானிக்) பருத்திப் பையும் வாங்கினால் ஊரும் பிழைக்குமாம், பூமியும் பிழைக்குமாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இலேயே கணக்குப் போட்டுவிட்டது: இயற்கைப் பருத்திப் பையை 20,000 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். தினம் ஒரு தடவை என்றால் 54 வருடத்துக்கு மேல். யாருக்குக் காது குத்துகிறார்கள்?

கைத்தறிப்பிரியை:
"ஒருவர்" என்று ஒளித்து எழுத வேண்டாம், எழுதியது நான்தான். ஆய்வைப் படித்தீர்களா, தலைப்போடு சரியா? பல வகைப் பாதிப்புகளைப் பார்த்து, அதில் மிக மோசமானதற்குச் சொன்ன எண் அது. பருத்திக்கு அது ஓசோன் படலச் சேதம். புவி வெப்பத்துக்கு மட்டும் பார்த்தால் 149 தடவைதான். என் பைக்கு மூன்று வயது. கைப்பிடி நைந்துபோய் மாற்றியும் தைத்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
ஓசோன் உங்கள் தலைக்கு மேல் இல்லையோ? 20,000 என்றால் 20,000தான். பிடித்த எண்ணை மட்டும் பொறுக்கக் கூடாது.

அப்புறம் உள்ளூர் மகிமை. போன பயணத்தில் நானும் ஒரு பையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முகப்பில் ஊர்ப்பெயர், கையால் எழுதினாற்போல அச்சு. தொங்கிய அட்டையில் "இங்கே வடிவமைக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்து. உட்பக்கத் தையலைப் புரட்டினால் நகம் அகலத்துக்கு ஒரு சீட்டு, அதில் வேறு நாட்டின் பெயர். படம் வரைந்தது இங்கே, தைத்தது எங்கேயோ. இதைத்தான் உள்ளூர் என்று வாங்கச் சொல்கிறீர்கள்.

ஜன்னலோரம்:
முதலில் "உள்ளூர்" என்றால் எது என்று பேசிவிட்டுச் சண்டை போடலாமே. பஞ்சு விளைந்த இடமா, நெய்த இடமா, தைத்த இடமா?

கணக்குப்பிள்ளை:
அதெல்லாம் பிறகு. 20,000-க்குப் பதில் வரட்டும்.

கைத்தறிப்பிரியை:
இதோ பதில். இயற்கைப் பருத்தியில் விளைச்சல் 30 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்த பை கொஞ்சம் சின்னது என்பதால், ஒரு பிளாஸ்டிக் பைக்கு இரண்டு துணிப்பை என்று எண்ணினார்கள். சாதாரணப் பருத்திக்கு 7,100 வந்த எண், இதற்கு 20,000 ஆனது அப்படித்தான். ஒரு பை சாமானை இரண்டு பையில் போட்டுத் தூக்கிப் போகிறவரை நீங்கள் பார்த்ததுண்டா?

கணக்குப்பிள்ளை:
ஆக, 7,100-ஐ ஒப்புக்கொண்டீர்கள். 19 வருடம். வாழ்த்துகள்.

பழைய சூட்கேஸ்:
பை கிடக்கட்டும், அதே கடைகளில் "மூங்கில் துண்டு" என்று விற்கிறார்களே, அதைக் கேளுங்கள். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு என்று ரசாயனத்தில் கரைத்து இழையாக்கினால் அதன் பெயர் விஸ்கோஸ். அதை மூங்கில் என்று விற்றதற்காக 2022-இல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இரண்டு பெரிய கடை நிறுவனங்களை மொத்தம் 55 லட்சம் டாலர் கட்ட வைத்தது. கைத்தறிப்பிரியை இதையும் வாங்கச் சொல்வார்.

கைத்தறிப்பிரியை:
மூங்கிலைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பவர்பேங்க்கை செக்-இன் பெட்டியில் போடலாம் என்று போன மாதம் ஊருக்கு உபதேசம் செய்தவர் நீங்கள்தானே?

பழைய சூட்கேஸ்:
அது தட்டச்சுப் பிழை. பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது.

கைத்தறிப்பிரியை:
"கைப்பெட்டி" என்று தட்டப் போய் "செக்-இன்" என்று விழுந்ததா? நல்ல விரல்.

கணக்குப்பிள்ளை:
திசை திருப்ப வேண்டாம். இன்னொரு கூத்தைக் கேளுங்கள். வழியில் விமானம் மாறுகிறவர் 100 மில்லிக்கு மேல் எண்ணெயோ தைலமோ வாங்கினால், ரசீதோடு சேர்த்துச் சிவப்பு ஓரம் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் சீல் வைத்துத் தருவார்கள். உள்ளே கண்ணாடிப் புட்டி, அதன்மேல் "பிளாஸ்டிக் இல்லாதது" என்று பெருமை. நான் நேரில் பார்த்தேன். சிரித்ததில் காபி சிந்திவிட்டது.

கைத்தறிப்பிரியை:
சீல் வைப்பது தைலம் காய்ச்சினவரின் ஆசையா? 2006-இல் பிரிட்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்ட பிறகு கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு வந்த கட்டுப்பாடுகளின் வால் அது. கட்டிச் சோப்பு வாங்குங்கள், சீலே வேண்டாம். துணி என்றால் ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்று) முத்திரை பாருங்கள்: "ஆர்கானிக்" என்று போட 95 சதவீத இழை சான்று பெற்றதாக இருக்க வேண்டும், 70-க்குக் கீழே முத்திரையே கிடையாது. இதையும் குறிப்பில் எழுதியிருந்தேன். கடைசிப் பத்தி என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

கணக்குப்பிள்ளை:
பட்டது. முத்திரை குத்தினால் 20,000 கரைந்துவிடுமா?

ஜன்னலோரம்:
ஏறப் போகிற விமானம் குடிக்கும் எரிபொருளுக்கு முன்னால் இந்தப் பை எம்மாத்திரம் என்று யாருமே கேட்க மாட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
அதற்குத் தனி விவாதம் தொடங்குங்கள்.

கைத்தறிப்பிரியை:
இதில் மட்டும் கணக்குப்பிள்ளை சொல்வது சரி. ஜன்னலோரம், நீங்களும் நடந்து போகிறவர் இல்லை.

ஜன்னலோரம்:
நன்றாயிருக்கிறது நியாயம்.

கணக்குப்பிள்ளை:
"இதில் மட்டும்" என்பதைக் குறித்துக்கொள்கிறேன். மூன்று வருடம், தினம் இரண்டு தடவை என்று தாராளமாக வைத்தாலும் 2,190. பாக்கி 17,810. மாற்றித் தைத்த கைப்பிடியின் பருத்தி தனி.

கைத்தறிப்பிரியை:
2,191. பையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
பிளாஸ்டிக் உறை போட்ட சாமான் வாங்கினால் அந்தத் தடவை சேராது.