ஆப்பை நீக்கிய பிறகும் பணம் போகிறது: பாட்டுச் சந்தாவை நிறுத்தப் போனவர்களின் அனுபவங்கள்

கேசட்காலம்:
போனில் அந்த ஆப்பே இல்லை. நீக்கி மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் குறுஞ்செய்தி வருகிறது: ‘நாளை உங்கள் கணக்கிலிருந்து ரூ.99 தானாகக் கழிக்கப்படும்.’ பக்கத்து வீட்டுப் பெரியவரின் போனில் இப்படி மூன்று செய்திகள், மூன்றும் திறக்காமலே கிடந்தன. அதில் இருந்த பெயர் ஆப்பின் பெயர் இல்லை, அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர். விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்.

அந்தச் செய்தி ரிசர்வ் வங்கி விதிப்படி வருவது. 2021 அக்டோபர் 1 முதல், அட்டையிலோ யுபிஐயிலோ மாதாமாதம் தானாகப் போகும் பணத்துக்கு, குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கி தெரிவித்தாக வேண்டும். அந்த ஒரு நாளுக்குள் அந்தத் தடவைக் கழிவை மட்டுமோ, மொத்த மாண்டேட்டையுமோ (மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்ள நாம் கொடுத்த அனுமதி) நிறுத்தலாம். ரூ.15,000 வரை ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ள முடியும். பாட்டுச் சந்தா எல்லாமே அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆகவே நமக்கு வரும் ஒரே எச்சரிக்கை மணி இந்தச் செய்திதான். தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களின் போனில் ‘மாண்டேட்’, ‘ஆட்டோபே’ என்ற இரண்டு சொற்களையும் செய்திப் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

மஞ்சள்மாநகர்:
எனக்கு உறுத்துவது ‘வரை’ என்ற ஒரு சொல். இலவச மாதம் என்று ஒரு ஆப்பில் அழுத்தினால் யுபிஐ திரை வரும். பெரிய எழுத்தில் ரூ.1, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மாண்டேட் தொகை ‘ரூ.___ வரை’, காலம் ‘ரத்து செய்யும் வரை’. கண் ஒரு ரூபாயில் நிற்கும், கை யுபிஐ பின் எண்ணைப் போட்டுவிடும். அந்த ஒரு ரூபாய் கணக்கைச் சரிபார்க்க மட்டும்தான். நாம் கையெழுத்துப் போட்டது கீழே இருக்கும் தொகைக்கு. அது சந்தா விலையைவிடப் பல மடங்கு கூட இருக்கலாம், நாளை விலை ஏறினால் புதிதாகக் கேட்கத் தேவையில்லாமல் இருப்பதற்காக.

நிறுத்துவது சுலபம்தான். ஜிபேயில் மேலே உள்ள நம் படத்தைத் தொட்டால் ‘ஆட்டோபே’ வரும். அதற்குள் ஆப்பின் பெயரைத் தொட்டு, ரத்து கொடுத்து, பின் எண்ணைப் போட்டால் முடிந்தது. போன்பேயிலும் அதே இடம்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாண்டேட் எந்த யுபிஐ ஆப்பில் உருவானதோ அங்கே முதலில் பாருங்கள். ஜிபேயில் காணோம் என்றால் போன்பே, பேடிஎம், பீம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

பாட்டுப்பெட்டி:
மஞ்சள்மாநகர் சொன்ன வழி சரி, ஆனால் அதை முதலில் செய்யச் சொல்வது தவறு. மாண்டேட்டை மட்டும் வெட்டினால் சந்தா உயிரோடுதான் இருக்கும். ஆப்பின் கணக்கில் ‘பணம் வரவில்லை’ என்று மட்டும்தான் பதிவாகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கூகுள் பிளே வழியாக வாங்கிய சந்தாவில். அங்கே ‘பேக்கப் பேமெண்ட் மெத்தட்’ என்று ஒன்று உண்டு. முதல் வழியில் பணம் வராவிட்டால் அடுத்த வழியில் எடுத்துக்கொள்ளும். யுபிஐ மாண்டேட்டை ரத்து செய்தாச்சு என்று ஒருவர் நிம்மதியாக இருக்க, என்றைக்கோ ஒரு விளையாட்டு ஆப்புக்காகச் சேர்த்த டெபிட் அட்டையிலிருந்து பணம் போனது. ரசீதில் அட்டையின் கடைசி நான்கு எண்களைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

அதனால் முதலில் சந்தா, பிறகு மாண்டேட். பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது மூலையில் உள்ள படத்தைத் தொடுங்கள். ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. ஆப்பின் பெயரைத் தொட்டால் அடியில் ரத்து இருக்கும். ஒரே போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றி இரண்டிலும் பாருங்கள். பட்டியலில் அந்தப் பெயரே இல்லையென்றால் சந்தா பிளே வழியாக வாங்கியது அல்ல, பெரும்பாலும் ஆப்பின் வலைத்தளத்தில் நேரடியாக வாங்கியதாக இருக்கும். ஸ்பாட்டிஃபை பிரீமியத்தை நேரடியாக வாங்கியிருந்தால் பிரவுசரில் அதன் கணக்குப் பக்கத்துக்குப் போய், திட்டத்தை நிர்வகிக்கும் இடத்தில் ரத்து செய்ய வேண்டும். அட்டை என்றால் மாண்டேட்டை வங்கியின் நெட்பேங்கிங்கிலோ, பல வங்கிகள் பயன்படுத்தும் எஸ்ஐ ஹப் என்ற வலைத்தளத்திலோ பார்க்கலாம்.

பிளே வழியாகப் பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். அது தாண்டினால் ஆப் கம்பெனியிடம்தான் போக வேண்டியிருக்கும்.

மேற்குமாம்பலம் மாமி:
ஐபோன்காரர்களுக்கு பிளே ஸ்டோர் வழி பொருந்தாது. செட்டிங்ஸில் மேலே நம் பெயர், அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. அங்கே வெறும் வெள்ளைத் திரை. ஆனால் சந்தா ஓடிக்கொண்டே இருக்கிறது. காரணம், போனை வாங்கித் தந்த பிள்ளையின் ஆப்பிள் கணக்கில் அது வாங்கப்பட்டிருக்கிறது. இந்த வெள்ளைத் திரையைப் பார்த்து ‘சந்தாவே இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். மின்னஞ்சலில் ஆப்பிள் ரசீதைத் தேடுங்கள். எந்தக் கணக்கு என்று அதிலேயே அச்சடித்திருக்கும்.

இன்னொன்று. 2022-ல் இந்திய டெபிட், கிரெடிட் அட்டைகளை ஆப்பிள் ஏற்பதை நிறுத்தியது. அதனால் பலர் யுபிஐ மூலம் ஆப்பிள் கணக்கில் 500, 1000 என்று முன்கூட்டியே ஏற்றி வைக்கிறார்கள். அந்த இருப்பிலிருந்து சந்தா கழிந்தால் வங்கியிலிருந்து எந்தச் செய்தியும் வராது, வங்கிக் கணக்கை அது தொடுவதே இல்லை. கேசட்காலம் அண்ணா சொன்ன எச்சரிக்கை மணி இங்கே அடிக்காது.

இலவசக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும், கடைசி நாள் என்று காத்திருந்தால் கழிந்துவிடும். ரத்து செய்ததும் சில இலவசச் சந்தாக்கள் அந்த நொடியே மூடிக்கொள்ளும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக்கரை:
எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆப்பை மூடினாலும் பாட்டு நிற்காத விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. ராத்திரி 11 மணி, போனில் ஆப்பை மேலே தள்ளி மூடியாச்சு, கூடத்து ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. இப்படி ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையே எழுந்துவிட்டது.

ஆண்ட்ராய்டில் பாட்டு ஆப்புகள் பின்னணிச் சேவையாக ஓடும்படி செய்திருக்கிறார்கள். திரையிலிருந்து தள்ளினால் முகப்புத்தான் போகும், சேவை நிற்கும் என்று உறுதியில்லை. முதலில் ‘பாஸ்’ (பாட்டை இடையில் நிறுத்தும் பொத்தான்) அழுத்தி, பிறகு தள்ளினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து மேல் திரையை முழுதாக இழுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புகளின் எண்ணிக்கை அடியில் தெரியும். அதைத் தொட்டால் பக்கத்திலேயே ‘ஸ்டாப்’. அதுவும் கேட்கவில்லை என்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆப்பின் பெயர், ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’. கம்ப்யூட்டரில் ஸ்பாட்டிஃபையின் பெருக்கல் குறியை அழுத்தினால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும்படி அமைத்திருப்பார்கள். அதன் செட்டிங்ஸில், மூடு பொத்தான் சன்னலைச் சுருக்க வேண்டும் என்ற இடத்தை அணைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் கதை தனி. ஸ்பாட்டிஃபை கனெக்ட்டில் போன் வெறும் ரிமோட், பாட்டை இணையத்திலிருந்து நேரடியாக எடுப்பது ஸ்பீக்கர். போனை அணைத்துப் போட்டாலும் அது பாடும். ஆப்பில் கீழே இருக்கும் சாதனக் குறியைத் தொட்டு இந்தப் போனுக்கு மாற்றி, பிறகு நிறுத்துங்கள். கணக்குப் பக்கத்தில் ‘எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு’ என்று இருக்கிறது, ஆனால் கணக்கோடு இணைத்த ஸ்பீக்கரை அங்கேயே இருக்கும் ஆப்ஸ் பட்டியலில் தனியாக நீக்க வேண்டியிருக்கும்.

ரெக்கார்டுகடை:
‘மூடுவது’ என்றால் கம்பெனியே கடையை மூடுவதும் உண்டு. 2020 டிசம்பரில் கூகுள் பிளே மியூசிக் நின்றது. யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளும் பொத்தானை 2021 பிப்ரவரி 24-க்குள் அழுத்தாதவர்களின் நூலகம் அழிந்தது. அதில் கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றி ஏற்றி வைத்திருந்த பாட்டுகளும் இருந்தன. 50,000 பாட்டு வரை ஏற்ற அங்கே இடம் இருந்தது. கடையில் கிடைக்காத கிராமிய ஒலிநாடா, கோயில் கச்சேரிப் பதிவு என்று ஏற்றியவர்கள், மூலக் கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போனபின் அந்தப் பொத்தானைத் தவறவிட்டிருந்தால் என்ன ஆகும்? இன்றைக்கும் மனசு ஆறவில்லை. 2024 ஜனவரி 31-ல் ரெஸ்ஸோ இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் அறிவித்து, வாடிக்கையாளர்களை ஆப்பிள் மியூசிக் பக்கம் திருப்பியது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எந்த ஆப்பாக இருந்தாலும் சந்தாவை வெட்டுமுன் பட்டியலை வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் தரவு கேட்டால் சில நாளில் மின்னஞ்சலில் இணைப்பு வரும், பிளேலிஸ்ட்டுகள் ஜேசன் என்ற எழுத்துக் கோப்பாக இருக்கும். யூடியூப் மியூசிக்குக்கு கூகுள் டேக்அவுட் (கூகுள் கணக்கில் உள்ள நம் தரவை இறக்கித் தரும் பக்கம்). ஓர் ஆப்பிலிருந்து இன்னோர் ஆப்புக்கு மாற்ற சவுண்டீஸ், டியூன் மை மியூசிக் போன்றவை உண்டு, இலவசத்தில் பாட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பார்கள்.

தமிழ்ப் பாட்டில்தான் இவை வழுக்கும். காரணம் பெயர் எழுதும் முறை. ஒரே இசையமைப்பாளர் ஒரு ஆல்பத்தில் ‘இளையராஜா’வின் ‘ரா’வுக்கு இரண்டு ‘ஏ’ போட்டும் இன்னொன்றில் ஒரு ‘ஏ’ போட்டும் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருப்பார். ஒரு இடத்தில் கலைஞர் என்ற கட்டத்தில் பாடகர் பெயர், இன்னோர் இடத்தில் இசையமைப்பாளர் பெயர். பாட்டின் முதல் வரி நெடில் குறில் மாறி மூன்று விதமாக இருக்கும். பொருத்தும் கருவி திணறி, அதே பெயரில் இருக்கும் கரோக்கியையோ கவர் பாடலையோ கொண்டுவந்து வைக்கும். மாற்றியதும் எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பாட்டின் நேர அளவையும் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். 4:32 இருந்த இடத்தில் 3:05 வந்திருந்தால் அது வேறு பதிவு. 300 பாட்டுப் பட்டியலுக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் பழைய ஆப் திறந்திருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும்.

மஞ்சள்மாநகர்:
ரெக்கார்டுகடை சொல்வது ஆப் மூடினால் சரி. சந்தாவை மட்டும் நிறுத்தினால் ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் எங்கேயும் போகாது. கட்டிய தேதி வரை பிரீமியம் ஓடும், பிறகு இலவசத்துக்கு இறங்கும், பட்டியல் அப்படியே இருக்கும். போவது டவுன்லோடு மட்டும். பயமுறுத்தாதீர்கள்.

ரெக்கார்டுகடை:
அது சந்தாவை ரத்து செய்தால். கணக்கையே மூடினால் எல்லாம் போகும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து அழுத்துபவர்களுக்காகத்தான் சொன்னேன். ஸ்பாட்டிஃபை கணக்கை மூடினால் மின்னஞ்சலில் மீட்கும் இணைப்பு வரும், 7 நாள்தான் உயிரோடு இருக்கும்.

டவுன்லோடு பற்றியும் ஒரு வார்த்தை. அது எம்பி3 அல்ல, பூட்டிய கோப்பு. பென்டிரைவில் போட்டு காரில் கேட்க முடியாது. சந்தா இருக்கும்போதே 30 நாளில் ஒரு தடவையாவது இணையத்தில் இணையாவிட்டால் அதுவும் மூடிக்கொள்ளும்.

அடையாறு ஆலமரம்:
ஸ்பாட்டிஃபையில் ஃபேமிலி பிளான் வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். ரத்து பொத்தானை அழுத்துவது நிர்வாகி ஒருவர், இலவசத்துக்கு இறங்குவது பிளானில் உள்ள எல்லாரும். அவர்களின் கணக்கும் பட்டியலும் அவரவரிடமே இருக்கும், ஆனால் டவுன்லோடு நின்றுபோகும். ரயிலில் போய்க்கொண்டிருப்பவருக்கு நடுவழியில் விளம்பரம் கேட்கும்போதுதான் தெரியவரும். அவசரப்பட்டு வேறு வீட்டுப் பிளானில் சேரலாம் என்றால், 12 மாதத்தில் ஒரு தடவைதான் பிளான் மாற முடியும், அதுவும் ஒரே முகவரியில் வசிப்பவர்களுக்குத்தான். நிறுத்துமுன் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

யூடியூப் பிரீமியத்தில் ரத்து செய்யாமல் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு, ஒன்று முதல் ஆறு மாதம் வரை. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்காக நிறுத்த நினைப்பவர்களுக்கு அது போதும்.

துபாய்திரும்பி:
வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கு. திர்ஹாமில் ஆரம்பித்த சந்தா ஊருக்கு வந்த பிறகும் திர்ஹாமிலேயே போகும். அங்கத்து வங்கிக் கணக்கை மூடிவிட்டு வந்தவர்களுக்குத்தான் தலைவலி. ஆப்பிள் கணக்கில் நாட்டை மாற்றப் போனால் விடாது. முதலில் எல்லாச் சந்தாவையும் ரத்து செய்து, அவற்றின் காலம் முடியும் வரை காத்திருந்து, கணக்கில் மீதி இருக்கும் திர்ஹாமையும் செலவழித்துக் காலியாக்க வேண்டும். ஒரு திர்ஹாம் ஐம்பது ஃபில்ஸ் மிச்சம் இருந்தாலும் மாற்றம் அங்கேயே நிற்கும், அதற்கு ஆப்பிளின் உதவிப் பிரிவில் கேட்க வேண்டும். கூகுள் பிளேயில் ஒரு தடவை நாடு மாற்றினால் ஒரு வருடத்துக்குத் திரும்ப மாற்ற முடியாது. ஆண்டுச் சந்தா வைத்திருப்பவர்கள் விமான டிக்கெட் போடும்போதே இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுப்பெட்டி:
தனிச்செய்தியில் நான்கு பேர் ஒரே கேள்வி கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். ரத்து ஆனதா என்று எப்படித் தெரியும்? ரத்துக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று திரை வரும், ‘பாதி விலைக்குத் தருகிறோம், இருங்கள்’ என்பது போல. பெரிய வண்ணப் பொத்தான் ‘தொடர்க’, அடியில் சாம்பல் எழுத்தில் ‘ரத்து’. இரண்டாவது திரையில் விட்டுவிட்டு, முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ‘இந்தத் தேதியில் முடியும்’ என்று தேதியோடு வரும் திரைதான் கடைசித் திரை. அதையும் உறுதி மின்னஞ்சலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ‘புதுப்பிக்கும் தேதி’ என்று இருந்தால் இன்னும் ரத்தாகவில்லை.

யுபிஐ மாண்டேட் விவரத்தில் யுஎம்என் என்று நீளமான ஓர் எண் இருக்கும், அந்த மாண்டேட்டுக்கே உரிய எண் அது; கடைசியில் யுபிஐ முகவரியில் ‘@’ குறிக்குப் பின் வருவது போன்ற பகுதி ஒட்டியிருக்கும். ரத்து செய்வதற்கு முன்பே அதைக் காப்பி எடுத்து வையுங்கள். பிறகும் பணம் போய் வங்கியில் புகார் கொடுக்க நேர்ந்தால், எந்த மாண்டேட் என்று காட்ட அந்த எண் கையில் இருக்க வேண்டும்.